அளவு தப்பிய திங்கட்கிழமைகள்

முத்தம்மாவின் இடது கையில் ரத்தம் நிமிடத்துக்கு நானூற்று முப்பது மில்லி ஓடுகிறது என்று டயானா எழுதிக் கையெழுத்துப் போட்டது ஒரு மே மாதத் திங்கட்கிழமை. அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் ஸ்ரீனிவாசராகவன், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டார்.

அடையாறில் இருக்கும் அந்தச் சிறுநீரக மருத்துவமனையில் டயானா ஆறு வருடமாக ஸ்கேன் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, ரத்தம் வேகமாக ஓடும் ஒரு பாதையை உண்டாக்கி வைப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அதில்தான் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப விட வேண்டும். பாதை அடைத்துக்கொண்டால் டயாலிசிஸ் நின்றுபோகும். அதனால் மாதம் ஒரு தடவை டாப்ளர் கருவியைக் கைமேல் வைத்து ஓட்டத்தை அளப்பார்கள். அந்த அளவு ஐந்நூறுக்குக் கீழே போனால், பாதை அடைக்கப் போகிறது என்று டாக்டர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

முத்தம்மாவுக்கு மார்ச்சில் அறுநூற்றுப் பத்து. ஏப்ரலில் ஐந்நூற்று இருபது. மேயில் இது.

"ரெண்டு வருஷம் முன்னாடியே பலூன் வச்சு ஒரு தடவை பெருசு பண்ணியாச்சு. இனிமே இழுத்துண்டு இருக்கறதுல அர்த்தமில்லை. இதை மூடிட்டு வலது கையில புதுசா போட்டுடலாம்" என்றார் டாக்டர். "அது தயாராக ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் கழுத்துல குழாய்."

கழுத்தில் குழாயை வைத்துக்கொண்டு மீன் கடையில் உட்கார முடியாது. ஈரமும் செதிலும் ஈயும் இருக்கிற இடம். கிருமி ஏறினால் குழாய் வழியே நேராக ரத்தத்துக்குப் போய்விடும். முத்தம்மாவுக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. புருஷன் இல்லை. இரண்டு மாதம் இடத்தை விட்டால் அந்த இடத்தில் வேறு கூடை உட்கார்ந்திருக்கும்.

அவளோ ஸ்கேன் அறைக் கட்டிலிலிருந்து இறங்காமல் கேட்டாள்: "இன்னாமே டயானா, உன் மெஷினு என் கையப் பத்தி இன்னா கோள் மூட்டிச்சு? டாக்டரு மூஞ்சி ஒரு மாரி கீது."

"ஓட்டம் கம்மியா காட்டுது பெரிம்மா."

"கம்மியா? தொட்டுப் பாரு. தலகாணிக்கு அடில கைய வெச்சா ரயிலு போற மாரி கீது. தூங்கவே வுட மாட்டுது."

டயானா தொட்டுப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கடகடவென்று அதிர்வு ஓடியது. ஓட்டம் குறைந்த கை இப்படி அதிராது. டயாலிசிஸ் நர்ஸ் மதுமதியும் அன்று மதியம் அதையே சொன்னாள். "நிமிஷத்துக்கு முந்நூறு இழுக்கறேன் டயானா. ஒரு அலாரம் அடிக்கணுமே, ம்ஹூம்."

கை ஒன்று சொன்னது, கருவி ஒன்று சொன்னது. காகிதத்தில் இருந்தது டயானாவின் கையெழுத்து.

அதே பட்டினப்பாக்கத்தில், சீனிவாசபுரத்தில் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர் வீட்டில் இரண்டாவது பெண் டயானா. மூத்தவள் ஜாஸ்மின் ஒன்பதாவதோடு நின்று மந்தைவெளியில் ஜாக்கெட் தைக்கப் போனாள். டயானா படித்தாள். அந்தத் தெருவில் டிப்ளமா முடித்த முதல் பெண் அவள்தான். முதல் வேலை மேற்கு மாம்பலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். பதினான்கு மாதம் அங்கே கருவியைத் தொடவே விடவில்லை. பெயர் கூப்பிடுவதும் நோயாளிகளின் உடம்பில் ஒட்டிய ஜெல்லியைத் துடைத்துவிடுவதும்தான் வேலை. துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அப்போது ஆரம்பித்த பழக்கம் ஒன்று உண்டு. நீளமான நோட்டு ஒன்றில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். தேதி, கிழமை, எந்தக் கை, பிரஷர், எடை, அளவு, அவர் சொன்ன புகார்.

"எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல ஏறுதே, இன்னாத்துக்கு இந்த மளிகை நோட்டு?" என்று மதுமதி கிண்டல் செய்வாள். டயானா பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் முத்தம்மாவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். மூன்று அளவுகளும் படிக்கட்டு மாதிரி இறங்கின. பக்கத்திலேயே எடை என்ற வரிசை. இருக்க வேண்டிய எடையைவிட மார்ச்சில் இரண்டரைக் கிலோ கூடுதல். ஏப்ரலில் மூன்றரை. மேயில் நான்கரை. அத்தனையும் உடம்பில் தேங்கிய தண்ணீர். ஒரு வரிசை இறங்க இறங்க இன்னொரு வரிசை ஏறியிருந்தது.

கிழமையைப் பார்த்தாள். மூன்றும் திங்கள்.

ஸ்கேனுக்குத் திங்கட்கிழமையைக் கொடுத்தது யார் என்று யோசித்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அவளேதான். முத்தம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். மற்ற நாட்களில் விடியற்காலை ஏலத்துக்குப் போக வேண்டும் என்பதால், வியாபாரம் மந்தமான திங்களில், ஊசி குத்துவதற்கு முன்னால் ஸ்கேனை வைத்துக் கொடுத்திருந்தாள். ஒரே குப்பத்து மனுஷி ஆயிற்றே என்று செய்த உதவி. ஆனால் மீன்காரிக்கு ஞாயிறுதான் திருநாள். விடியலிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் உட்கார்ந்து கத்தி விற்றால் தொண்டை வறளும். சோடாவும் தண்ணீருமாக உள்ளே போகும். வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் டயாலிசிஸும் இல்லை. வாரத்திலேயே முத்தம்மா அதிகமாக வீங்கியிருக்கும் நேரம் திங்கள் காலை. அந்த நேரத்தைத்தான் தேடிப் பிடித்து அளந்திருக்கிறாள்.

கருவி ஒலியை உள்ளே அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து வேகத்தைச் சொல்லும். குழாயின் அகலத்தைத் திரையில் பார்த்து நாம் குறிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அது ஓட்டத்தைக் கணக்கிடும். ஆனால் எல்லா உடம்பும் ஒரே மாதிரி சதை என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கொழுப்பில் ஒலி மெதுவாகப் போகும், சாய்ந்து போகும், பாதி வழியில் தேய்ந்துபோகும். தேய்ந்து வந்த ஒலியில் குழாயின் ஓரம் மங்கலாகத் தெரியும். டிப்ளமா படிக்கும்போது ஒருவர் கையை ஒருவர் அளந்துதான் பழகினார்கள். எல்லாமே எலும்பும் தோலுமான கைகள். முத்தம்மாவின் கை அப்படிப்பட்டதல்ல, கொழுப்பு ஏறிப் பருத்த கை. அதில் தண்ணீரும் கோத்துக்கொண்டால்? சரியாகத் தெரியவில்லை என்று, தான் ஒவ்வொரு மாதமும் கருவியை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் அவளுக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை டாக்டர் அறைக்கு நோட்டோடு போனாள்.

"சார், முத்தம்மாவுக்கு டயாலிசிஸ் முடிஞ்ச உடனே, வீக்கம் இறங்கின கையில ஒரு தடவை அளந்து பார்க்கலாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபக்காரர் அல்ல, ஆனால் வார்த்தையை எடை போட்டு வாங்குகிறவர். "டயாலிசிஸ் முடிஞ்சா பிரஷர் இறங்கியிருக்கும். ஓட்டம் இன்னும் கம்மியாத்தானே இருக்கும்? அதை எடுத்து நான் என்ன பண்றது?"

"கம்மியாகணும் சார். ஆனா கூடுதலா காட்டினா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டம் இறங்க வேண்டிய நேரத்துல அளவு ஏறினா, திங்கக்கெழம அளவுதான் சார் தப்பு."

"வீக்கத்தாலயும் சதையாலயும் அவ்வளவு வித்தியாசம் வரும்னு யார் சொன்னா? அஞ்சு பர்சென்ட், பத்து பர்சென்ட் வரலாம். அதுக்காக ஒருத்தியோட உயிரை வச்சுப் பரிசோதனை பண்ண முடியாது. நாளைக்கு அடைச்சுண்டா பழி உனக்கும் எனக்கும்தான்." நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "உன் கையில இருக்கற மெஷின் எவ்வளவு தப்பா சொல்றதுன்னு முதல்ல எனக்குக் காட்டு. அப்புறம் பேசலாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் ரூம் காலிதான், எடுத்துக்கோ."

வேறு யாராவது இருந்தால் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். டயானா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

நான்கு நாளும் வேலை முடிந்த பிறகு அலைந்து சாமான் சேர்த்தாள். ஆறு மில்லிமீட்டர் உள்ளகலம் உள்ள மெல்லிய ரப்பர் குழாய். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் குறுக்கே செலுத்தி, சுற்றிலும் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்தாள், அதுதான் கை. குழாயின் ஒரு முனை, உயரத்தில் வைத்த, திருகு போட்ட தண்ணீர் கேனில். மறு முனை அளவுக் குவளையில். வெறும் தண்ணீரில் கருவிக்குத் திரும்பி வர ஒன்றும் இருக்காது என்பதால் ரத்த அணுவுக்குப் பதில் சோள மாவு கரைத்தாள். குவளையும் கடிகாரமும் சொல்வது உண்மை ஓட்டம். கருவி சொல்வது கருவியின் ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் கொழுப்பை வைத்தால் தெரிந்துவிடும்.

கொழுப்பு வாங்கும் பொறுப்பு ஜாஸ்மினுடையது. ஞாயிறு மட்டும் பன்றிக்கறி போடும் கடை ஒன்று சாந்தோம் பக்கம் உண்டு. மாதா கோயில் பூசை முடிந்து நேராகப் போய் வாங்கிக்கொண்டு, மதியம் ஒரு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க ஸ்கேன் அறைக்கு வந்தாள்.

"ரெண்டு கிலோ. தராசு முள்ள விட்டுக் கண்ண எடுக்கல. ஒரு கிராம் ஏமாத்தல."

டயானா பையைத் திறந்தாள். அத்தனையும் சின்னச் சின்னத் துண்டு. மஞ்சள் வேறு தடவியிருந்தது.

"அக்கா! இது கொழம்புக்கு. நான் ஒரே பலகையா கேட்டேன்!"

"நானும் அதத்தான் சொன்னேன். அவன் சரிக்கா சரிக்கான்னு சொல்லிக்கினே டப்பு டப்புன்னு போட்டுட்டான், கை பழக்கம். நான் தராசப் பாத்துக்கினு கீறேன், கத்தியப் பாக்கலயே!"

துண்டுகளை நெருக்கி அடுக்கிப் பார்த்தார்கள். திரை இருட்டாக வந்தது. துண்டுக்கு நடுவில் காற்று இருக்கிறது. காற்றைத் தாண்டி இந்த ஒலி போகாது. ஜாஸ்மின் பையை எடுத்துக்கொண்டு திரும்ப ஆட்டோ பிடித்தாள். அவள் போகும்போது கடையில் கறி தீர்ந்துவிட்டிருந்தது. யாருக்கும் வேண்டாம் என்று ஒதுங்கிக் கிடந்த வயிற்றுப் பக்கம் மட்டும், தோலும் கொழுப்பும் சதையுமாக ஒரு முழ நீளம். கடைக்காரன் ஒருமாதிரி பார்த்தான். "இத இன்னாக்கா பண்ணப் போற?" "ஸ்கேன் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் அதை ஊற வைத்து, டயானா காற்றுக் குமிழ்களை விரலால் நீவி நீவி வெளியேற்றினாள். அந்த நேரத்தில்தான் டாக்டர் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது?"

"பன்னிக்கறி சார்."

"முப்பது வருஷமா மனுஷாளை அறுக்கறேன், ஒண்ணும் பண்ணலை. இதைப் பார்த்தா குமட்டறது" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "ஆத்துல சொல்லிடாதே." ஆனால் போகவில்லை. அளவுக் குவளையையும் கைக்கடிகாரத்தையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஜாஸ்மின் நாற்காலிமேல் ஏறி நின்று, கேனில் போட்ட கோட்டுக்கு மட்டம் குறையாமல் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மட்டம் குறைந்தால் ஓட்டமும் குறைந்துவிடும்.

முதலில் கொழுப்பு இல்லாமல். ஒரு நிமிடத்தில் குவளையில் எண்ணூறு. கருவி எழுநூற்றுத் தொண்ணூறு என்றது.

"பரவாயில்லையே" என்றார் டாக்டர்.

பிறகு கொழுப்புப் பலகையை மேலே வைத்து, கருவியின் முனையில் உறை மாட்டி அளந்தாள். குவளையில் அதே எண்ணூறு. கருவி அறுநூற்றுப் பத்து.

டாக்டர் கைக்குட்டையை இறக்கினார். "இன்னொரு தடவை."

அறுநூற்று இருபது. மறுபடி அறுநூற்றுப் பத்து.

"சார், இங்க பாருங்க. குழாய் ஆறு மில்லிமீட்டர்னு நமக்குத் தெரியும். ஆனா ஓரம் மங்கிப்போயி திரையில அஞ்சரைதான் தெரியுது. அகலத்த அதாலயே பெருக்கணும் இல்லியா, அந்த அரை மில்லிமீட்டரே நூறுக்கு மேல முழுங்கிடுது. மீதி வேகத்துல போவுது." மூச்சு வாங்கினாள். "இப்ப நான் மூணு மாசமா பண்ணத பண்றேன்."

கருவியை அழுத்தினாள். பலகைக்கு அடியில் ரப்பர் குழாய் லேசாக நசுங்கி நீள்வட்டமானது. ஐந்நூற்று முப்பது.

குவளை இப்போதும் ஏறக்குறைய எண்ணூறு காட்டியது.

ஜாஸ்மின் நாற்காலிமேலிருந்து கேட்டாள்: "ஊத்தறத நிறுத்தட்டுமா, கை விட்டுப்போச்சு."

டயானா கேனின் திருகை மூடினாள். டாக்டர் குவளையைப் பார்த்தபடியே இருந்தார். "இதை வச்சு முத்தம்மா கையில இவ்வளவுதான்னு சொல்ல முடியாது. தெரியுமோல்லியோ?" என்றார் கடைசியில்.

"தெரியும் சார். இது பன்னி, அது பெரிம்மா. அளவு தப்பாகலாம்னு மட்டும்தான் இது சொல்லுது. எவ்வளவுன்னு அவங்க கைதான் சொல்லணும்."

"புதன்கிழமை டயாலிசிஸ் முடிஞ்ச உடனே. நானும் இருப்பேன். ஏறலைன்னா வியாழக்கிழமை நிச்சயம் ஆபரேஷன், அப்புறம் நீ நோட்டைத் தூக்கிண்டு வரக்கூடாது."

"வர மாட்டேன் சார்."

புதன்கிழமை மதியம் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் முத்தம்மா செருப்பைத் தேடினாள். "மத்தியான போட்டு கரைக்கு வந்துடும்மே. நான் போவலன்னா நல்ல மீனெல்லாம் அவளுங்க அள்ளிக்குவாளுங்க."

"அரை மணி நேரம் பெரிம்மா."

"நாளிக்கு அறுக்கப் போறீங்க, இன்னிக்கு இன்னாத்துக்கு தடவிக்கினு?"

"அறுக்காம இருக்கறதுக்குத்தான். படு."

முத்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு படுத்தாள்.

டயானா முதலில் ஓட்டத்தை அளக்கவில்லை. தோலிலிருந்து குழாய் வரைக்கும் எவ்வளவு தடிப்பு என்று அளந்தாள். சேமித்து வைத்திருந்த திங்கட்கிழமைப் படத்தில் முப்பத்தொரு மில்லிமீட்டர் இருந்தது. இன்று இருபத்திரண்டு. பிரஷர் நூற்று அறுபதிலிருந்து நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. ஆழத்துக்குப் போகும் தாழ்ந்த அலைவரிசை ஒலியைக் கருவியில் வைத்துக்கொண்டாள். ஜெல்லியை நிறைய ஊற்றி, கருவி அதன்மேல் மிதக்கிற மாதிரி பிடித்தாள். தோள்பட்டை வலித்தது. குழாயின் இரு ஓரமும் கோடு கீறினாற்போலத் தெரியும்வரை அசையாமல் காத்திருந்துவிட்டு, குறித்தாள்.

அறுநூற்று நாற்பது.

டாக்டர் திரைப் பக்கம் நகர்ந்து வந்தார். இரண்டாவது தடவை அறுநூற்று ஐம்பத்தைந்து. மூன்றாவது அறுநூற்று முப்பது.

"கொடு இப்படி" என்று அவரே கருவியை வாங்கினார். அறுவைக்காரரின் கை, பழக்கத்தில் ஊன்றிவிட்டார். ஐந்நூற்று இருபது.

"டாக்டரு சார், மாவு பெசையிறியா இன்னா? வலிக்குது" என்றாள் முத்தம்மா.

அவர் சட்டென்று கையைத் தளர்த்தினார். திரையில் குழாய் மெல்ல உருண்டையானது. மறுபடி குறித்தார். அறுநூற்று நாற்பத்தைந்து. கருவியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, ஜெல்லி ஒட்டிய விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும்.

"பிரஷர் இறங்கியும் ஏறியிருக்கு" என்றார். "நாளைக்கு ஆபரேஷன் இல்லை. பாதை நன்னாத்தான் இருக்கு. மாசா மாசம் பார்த்துண்டே இருக்கணும். தண்ணியைக் குறைக்கலைன்னா முத்தம்மா, அடுத்த தடவை நானே வந்து உன் கடையில உக்காந்துப்பேன்."

"வா சார். மீனு கழுவத் தெரியுமா?"

மதுமதி சிரித்தாள். டயானா சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. "சார், மூணு மாசமும் தப்பா எழுதினது நான். மெஷின் பாதி, என் கை பாதி. அந்த மூணு ரிப்போர்ட்டையும் திருத்தி எழுதணும்."

"யாரும் கேக்கப் போறதில்லையேம்மா."

"அடுத்து வர்ற டாக்டர் பழைய ரிப்போர்ட்ட பாத்துட்டு மறுபடியும் தேதி குறிப்பாரு சார்."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எழுது. என் கையெழுத்தையும் போடறேன். இனிமே எல்லாருக்கும் மேல் சதை எவ்வளவு தடிப்புன்னு ரிப்போர்ட்டுல ஒரு வரி சேர்த்துடு."

டயானா மூன்று காகிதங்களையும் எடுத்தாள். பழைய எண்ணை அடிக்கவில்லை; அடித்தால் நடந்தது மறைந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாக்கியத்தை எழுதினாள்: வீக்கம் இருந்தபோது அழுத்தி அளந்தது, உண்மை ஓட்டம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதற்குக் கீழே தேதி, கையெழுத்து.

முத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அப்ப அடுத்த மாசம் எப்ப வரணும்? திங்கக்கெழமதான?"

"இல்ல பெரிம்மா. இனிமே புதன்கிழமை, எல்லாம் முடிஞ்சப்புறம்."

"புதங்கெழம மத்தியானம் வியாபாரத்த யாரு பாப்பா, உங்கக்காவா?"

"அப்ப கழுத்துல குழாய் போட்டுக்கலாமா?"

"சரி சரி, வரேன். ரொம்பத்தான் கறாரு." படியிறங்கப் போனவள் திரும்பி, கட்டுப் போட்ட இடது கையை வலது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான ஓடுது?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் மட்டும் குரலில் சண்டை இல்லை.

"நல்லா ஓடுது பெரிம்மா" என்றாள் டயானா. "அறுநூத்து நாப்பது."